வெர்னாவின் அம்மாவுக்காக ஒரு ஜெபம்

அலுவலகத்தின் காலை ஜெபத்தில் ராய்ஸ் பெட்டிபோன் வேதாகமத்தைத் திறக்காமல் ஐந்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தபோதே ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று வெர்னாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் எழுதிய புத்தகம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் விசுவாசிக் குடும்பங்களுக்காக, மிசூரியின் அந்தச் சின்ன ஊரில் ராய்ஸ் நடத்திவந்த பதிப்பகம் அது. அவர் முதலாளி, சபை மூப்பர், போதாக்குறைக்கு வெர்னாவின் சம்பந்தி. அவர் மகனைத்தான் வெர்னாவின் ஒரே மகள் ஜோயல் கட்டியிருந்தாள். பேரப்பிள்ளைகள் இரண்டும் பாட்டி எழுதிய பாடத்தைத்தான் படித்தன.

"டென்னசியிலேர்ந்து ஒரு தாய் கேட்டிருக்காங்க," என்றார் ராய்ஸ். "வேதத்தைக் கையால எழுதிக் காப்பாத்தின கிறிஸ்தவத் துறவிகள்னு போட்டிருக்கீங்களே, கத்தோலிக்கங்க எப்போலேர்ந்து கிறிஸ்தவங்க ஆனாங்கன்னு. என்ன சொல்லட்டும், சம்பந்தியம்மா?"

"தவறிப்போச்சு. மாத்திடறேன்."

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் பக்கத்து மேஜை கோலீன் கண்களை மூடிக்கொண்டு, ஜெபிக்க வேண்டிய ஒரு பாரம் தன் மனதில் இருப்பதாகச் சொன்னாள். அந்த அலுவலகத்தில் யாரும் புறம் பேசமாட்டார்கள், அது பாவம். ஜெபமாகத்தான் சொல்வார்கள். "ஆண்டவரே, எங்க வெர்னா வாராவாரம் அவங்க கத்தோலிக்க அம்மா பக்கத்துல உக்காந்து ஜெபமாலை உருட்டறாங்க. பாசத்துல செய்றாங்க, உமக்கே தெரியும். இந்தக் கட்டை அவுத்துவிடும், அப்பா." பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டத் தெரிந்த கை அது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் வெர்னா அந்த ஜெபமாலை விஷயத்தை அழுதபடி அவளிடம் சொல்லியிருந்தாள், அவளிடம் மட்டும்.

எல்லோரும் எழுந்து வந்து வெர்னாவின் தலையிலும் தோளிலும் கைவைத்தார்கள். கைகள் கனத்தன.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றார் ராய்ஸ். "உங்க அம்மா இரட்சிக்கப்பட்டவங்களா?"

அடுக்களைத் தரையில் முழங்கால் தேயத் தேய ஏழு பிள்ளைகளுக்காகவும் மன்றாடியவள் அம்மா. அவளைப்போல் இயேசுவை நேசித்த ஒருவரை வெர்னா இந்தச் சபையில் கண்டதில்லை.

"ஜோயலும் இதையேதான் கேட்டா," என்றார் ராய்ஸ், இன்னும் மெதுவாக. "பிள்ளைங்க யார் மடியில உக்காருதுன்னு அவளும் பாக்கணும்ல?"

"இல்ல," என்றாள் வெர்னா. "இரட்சிக்கப்படல."

"ஸ்தோத்திரம்!" என்றார்கள் எல்லோரும். கோலீன் அவளைக் கட்டிக்கொண்டாள்.

தப்பித்தோம் என்றுதான் வெர்னா நினைத்தாள். ஆனால் ஆத்தும பாரத்தை ராய்ஸ் ஆறப்போடுகிறவர் அல்ல. மத்தியானமே வேனை எடுக்கச் சொன்னார்.

முதியோர் இல்லத்தில் அம்மா ஜெபமாலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இத்தனை பேரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "உன் ஆபீஸ்காரங்களாடி? சொல்லியிருந்தா தலையாவது சீவியிருப்பேனே!" மிட்டாய் டப்பாவைத் தேடி எடுத்து நீட்டினாள். "இவ எழுதின புத்தகம் அத்தனையும் வச்சிருக்கேன். படிக்கத்தான் கண்ணு இல்ல."

ராய்ஸ் அவள் காலடியில் மண்டியிட்டார். குரலில் தேன் ஒழுகியது. "அம்மா, நீங்க இன்னும் இயேசுவை அறியலன்னு உங்க மக வேதனைப்பட்டாங்க. அதான் வந்தோம்."

அம்மா சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"வெர்னாவா சொன்னா?"

"நீங்களே சொல்லுங்க, சம்பந்தியம்மா."

வெர்னா தரையைப் பார்த்தாள். "ஆமாம்மா."

அம்மா ஜெபமாலையை மெல்ல இழுத்து மடிக்கம்பளிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கோலீன் இன்னொரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஒரு துதிப்பாட்டைத் தொடங்கினாள். அம்மா பாடவில்லை, தலையும் நிமிரவில்லை. கம்பளிக்கு அடியில் மட்டும் அவள் கட்டைவிரல் மணி மணியாக நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே, இரண்டாம் சரணத்தில், வெர்னாவும் மற்றவர்களோடு சேர்ந்து பாடினாள்.