பத்தாயிரம் சுற்று

1

இந்தக் கதையை ஒரு மனிதரை மட்டம் தட்டுவதற்காகத் தொடங்கினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நண்பர் ஷுக்ரி தன் ஓய்வூதியப் பணம் முழுவதையும் ஒரு பழைய சொகுசுக் காரில் கொட்டிவிட்டு, மூன்று வருடமாக அதன் அடியில் படுத்துக் கிடக்கிறார். "இந்தக் காசில் புதுசே வாங்கியிருக்கலாமே" என்றேன். அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். சரி, பழைய காரைத் தூக்கி நிறுத்தப் போனவன் எப்படி மண்ணைக் கவ்வினான் என்று ஒரு கதை எழுதி அனுப்புவோம் என்று உட்கார்ந்தேன். இந்தக் காலத்தில் வைத்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஆகவே 1921. இலங்கை மலைநாட்டுப் பதுளை.

2

முதல் தொடக்கம்: பதுளைப் பள்ளத்தாக்கில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு

[வேண்டாம். பனியைக் கண்டதும் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.]

இரண்டாம் தொடக்கம்: இரும்புக்கடை ஜுனைதீன் முதலாளிக்கு ஊர் தன்னை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று

[நான் அவரைப் பெருமை பிடித்தவராகத்தான் எழுத நினைத்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை.]

மூன்றாவது நின்றது. தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கொட்டகையில் பத்து வருடம் கோழி அடைந்து கிடந்த ஒரு பெரிய காரை ஜுனைதீன் ஏலத்தில் எடுத்து, இரண்டு சோடி மாடு பூட்டிப் பதுளைக்கு இழுத்து வந்தார். ஊர் சிரித்தது. அவர் அதை வாங்கியது மனைவி ஸித்தி ஸுபைதாவுக்காக. ஸுபைதாவுக்கு இடுப்பில் தீராத நோய். மாட்டு வண்டியின் குலுக்கலில் அரை மைல்கூடப் போக முடியாது. இந்தக் காரிலோ, துரைமார் நிறைந்த தேநீர்க் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டே போவார்களாம்.

ஸுபைதாவுக்குப் போக வேண்டிய இடம் ஒன்றுதான்: பசறை ஏற்றத்துக்கு அப்பால் உள்ள லுணுகலை. அங்கே தங்கை பலீலா இருக்கிறாள். பார்த்து ஆறு வருடம். பலீலாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்று கடிதம் வந்திருந்தது. முகம் தெரிகிற காலத்திலேயே போய்ச் சேர வேண்டும்.

(பலீலா வரலாமே என்பீர்கள். படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டு அவளால் நகர முடியாது. இந்த மாமியாரை நான் அவசரத்துக்கு உண்டாக்கினேன். ஆனாலும் அவர் படுத்துத்தான் கிடக்கிறார்.)

3

காரை எழுப்பியவர் நல்லையா. தெமோதரைத் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்தே வந்தார். எலி தின்ற இருக்கைத் தோலை உரித்தார். சக்கரத்தின் மர ஆரக்கால்களை ஒவ்வொன்றாகப் பலா மரத்தில் செதுக்கினார். ஒரு திருகாணி கிடைக்காவிட்டால் அதை அரத்தால் உராய்ந்தே செய்தார். ஒரு திருகாணிக்கு ஒரு ஞாயிறு. ஷுக்ரியைக் கேலி செய்ய வந்தவன், இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன மனிதன் ஐயா.

கடைசியில் தீப்பொறி எழுப்பும் காந்தப் பெட்டியில் வந்து எல்லாம் நின்றது. உள்ளே சுற்றிய செப்புக் கம்பி எரிந்து போயிருந்தது. பட்டு நூல் போர்த்திய, தலைமயிரைவிட மெல்லிய கம்பி. புதுக் கம்பி கொழும்பிலிருந்து வந்தது, சுற்றத்தான் ஆளில்லை.

"என் வெரலுக்கு இது அடங்காதுங்க மொதலாளி. தொட்டாலே அறுந்துருது," என்றார் நல்லையா.

உள்கதவுக்குப் பின்னாலிருந்து ஸுபைதாவின் குரல் வந்தது. "அதை இஞ்ச தாங்கோ. எத்தனை சுத்தெண்டு மட்டும் செல்லுங்கோ."

"நூறு நூறா, நூறு தடவைங்க மொதலாளியம்மா. பத்தாயிரம்."

ஸுபைதா தொழுகைத் தொப்பி பின்னுகிறவர். இடுப்புத்தான் நோய், விரல் அல்ல. எண்ணிக்கை தப்பாமலிருக்கத் தஸ்பீஹ் மாலையை எடுத்துக்கொண்டார். ஒரு சுற்றுக்கு ஒரு மணி. மாலை ஒரு முறை முடிந்தால் கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை. கிண்ணத்தில் நூறு கொட்டை சேர நாற்பது நாளாயிற்று. மணி உருட்டும்போது வாயும் இறைவன் பெயர் சொல்லித் திக்ரு ஓதியதா என்று எனக்குத் தெரியாது. ஓதியிருந்தால், உலகத்தில் அவ்வளவு ஓதப்பட்ட இயந்திரம் வேறு இருக்க முடியாது.

4

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் வீதியில் நிறைந்திருந்த நேரம், தோட்டத்தில் அரைநாள் விடுப்புக் கேட்டு வந்த நல்லையா கைப்பிடியைச் சுற்றினார். இரண்டாம் சுற்றிலேயே கார் உறுமியது. சிரித்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள்.

குதிரையில் வந்த துரை ஒருவரும் நின்றார். இறங்கினார். காரைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு விலை சொன்னார். அந்த விலைக்குப் பக்கத்துக் கடை இரண்டையும் சேர்த்து வாங்கிவிடலாம்.

[இங்கே நான் மகிழ்ந்திருக்க வேண்டும். காசைக் கண்டதும் காரை விட்டுவிட்டால் ஷுக்ரியை மட்டம் தட்டியாயிற்று. ஆனால் அந்த விலையை இரண்டு முறை அடித்துக் குறைத்துப் பார்த்தேன்.]

ஜுனைதீன் உள்ளே போனார். "ஸுபைதா, இந்த வெல இனி வராது. லுணுகலைக்கி வேற வழி பாப்பம்."

ஸுபைதா அழவில்லை. "வித்துப் போடுங்கோ. ஆனா ஐபைச் செல்லித்தான் விக்கோணும்."

"என்ன ஐபு?"

"என்ட தஸ்பீஹ்ல தொண்ணூத்தொம்பது மணிதான். நான் நூறெண்டு எண்ணினேன். மொத்தத்தில நூறு சுத்துக் குறையும்."

(ஐபு என்றால் குறை. விற்கும் பொருளின் குறையை மறைத்து வாங்கிய காசு வீட்டுக்கு ஆகாது என்பது மார்க்கம். ஓட்டை வாளியைக்கூட ஓட்டையைக் காட்டித்தான் விற்பார் ஜுனைதீன்.)

ஜுனைதீன் வெளியே வந்து நல்லையாவைக் கேட்டார். நல்லையா தலையைச் சொறிந்தார்.

"இப்ப ஓடுதுங்க. நாளைக்கும் ஓடும். பசறை ஏத்தத்துல என்ன செய்யும்னு எனக்குச் சொல்லத் தெரியாதுங்க."

5

மணி குறைவென்று ஸுபைதா எப்போது கண்டுபிடித்தார்? சுற்றி முடித்த பிறகா, முதல் கொட்டை போடும்போதேயா, துரையின் குரல் உள்ளே கேட்ட அந்த நிமிடத்திலா? நானே உண்டாக்கிய பெண். கேட்டுப் பார்த்தேன். மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

முடிவுகள் இருக்கின்றன.

அ) குறையைக் கேட்டதும் துரை சிரித்துவிட்டுக் காசை எண்ணி

[இல்லை.]

ஆ) குறையைக் கேட்டதும் துரை குதிரையைத் திருப்பி

[இதுவும் சுலபம். என் துரை அப்படிப்பட்ட ஆளில்லை.]

நடந்தது இதுதான். ஜுனைதீன் நூறு சுற்றுக் குறைவையும் நல்லையா சொன்ன பசறை ஏற்றத்தையும் மறைக்காமல் சொன்னார். துரை காரின் இருக்கையைத் தட்டிப் பார்த்தார். பிறகு தோட்டத்தில் பழகிய தமிழில் கேட்டார்:

"உன் பொஞ்சாதிய இதிலே ஏத்தி அந்த ஏத்தம் போவியா? நீ சொல்றது நான் நம்பும்."

ஏற்றுவேன் என்றால் கார் துரையோடு போய்விடும். மாட்டேன் என்றால் கார் நிற்கும். ஆனால் அப்படிச் சொன்ன வாயோடு மனைவியை அதில் ஏற்ற ஜுனைதீனால் முடியாது. பொய் சொல்ல அவருக்கு வராது. வரும்படி எழுதிப் பார்த்தேன்.

ஷுக்ரிக்கு இவ்வளவையும் அனுப்பி, உங்களை மட்டம் தட்டப் போய் நானே தோற்றேன் என்று கீழே எழுதியிருக்கிறேன். ஒரு பொருளின் பெறுமதியை விலை கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போவாய் என்று கேட்க வேண்டும்.

பதிலை நான் எழுத மாட்டேன். ஜுனைதீன் வாயைத் திறக்கிறார். சொல்ல வேண்டியது நீங்கள். ஒன்று மட்டும். உள்கதவுக்குப் பின்னால் ஸுபைதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஆறு வருடமாகப் போடாத வெளிச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். இடுப்பு நோய்க்காரர். அதிக நேரம் நிற்க வைக்காதீர்கள்.