யாரும் ஒன்றும் செய்யவில்லை

ரிப்பேருக்கு வரும் எந்தப் பொருளையும் யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பன்னிரண்டு வருடமாக லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டீயில் குளித்த கீபோர்டுகூடத் தானாகவே குளித்ததாகத்தான் என்னிடம் வரும்.

எழில்மதியும் அப்படித்தான் சொன்னாள். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் அப்பாவோடு இறங்கி வந்திருந்தாள். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப். நேற்று வரை ஓடியது, காலையில் ஆன் ஆகவில்லை, யாரும் ஒன்றும் செய்யவில்லை. பதினோரு மணிக்கு ஒரு கம்பெனி வேலைக்கு ஆன்லைன் பரீட்சை. முன்கூட்டியே பதிந்த லேப்டாப்பில்தான் எழுத வேண்டுமாம். என் கடையில் இருபது கிடந்தும் ஒன்றும் உதவாது. அப்போது மணி ஒன்பதே முக்கால். அழுது முடித்த முகம். இன்னொரு தடவை அழுவதற்கும் தயாராக இருந்தாள்.

அப்பா வேடியப்பன், கூலி வேலை செய்பவர், செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

சார்ஜரைச் சோதித்தேன், கரண்ட் சரியாக வந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்தேன். ரேமை உருவி, ரப்பரால் தேய்த்துப் போட்டேன். எதற்கும் அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் வாடிக்கையாளரைத்தான் திட்டுவேன், மெஷினைத் திட்டி என்ன பிரயோஜனம்? உண்மையை மறைத்துவிட்டு வைத்தியம் பார்க்கச் சொன்னால் எப்படி என்று கத்தினேன். வேடியப்பன் தோள் துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார்.

முதலில் பார்த்திருக்க வேண்டிய இடத்துக்குப் பத்தரைக்குத்தான் வந்தேன். பவர் பட்டன் அழுத்தினால் திரும்ப எழும்பவில்லை. மேல் தகட்டைக் கழற்றினேன். பட்டனுக்கு அடியில் மஞ்சளாக ஈரக் களிம்பு. மோந்து பார்த்தேன். தர்காவில் சந்தனக்கூடு பார்த்து வளர்ந்தவனுக்கு அது சந்தனம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நிமிர்ந்தேன். வேடியப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெறும் தூசிதான் என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பன்னிரண்டு வருடத்தில் வாடிக்கையாளருக்காக நான் சொன்ன முதல் பொய் அது. மற்றதெல்லாம் கடைக்காகச் சொன்னவை.

பட்டன் எழும்பியது, திரை வெளிச்சமானது. பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. எழில்மதி திரையைப் பார்க்கவில்லை. மேஜை மேல் கிடந்த பஞ்சை எடுத்து மோந்தாள்.

“யப்பா, காலையில இத்த தொட்டியான்னு எத்தினி வாட்டி கேட்டேன்?”

“பொட்டு வெச்சேன். நீ திட்டுவியேன்னு துண்டால தொடச்சேன். உள்ள பூந்துக்கிச்சு.”

“லேப்டாப்புக்கு இன்னாத்துக்குப்பா பொட்டு? எனக்கு வெச்சிருக்கலாம் இல்ல?”

“ஒனக்கு வெக்கத்தான் கொழச்சிக்கினு வந்தேன். நாலு மணி வரைக்கும் படிச்சிட்டு அப்பதான் கண்ண மூடுன. எழுப்ப மனசு வரல.”

எழில்மதி பஞ்சை அவரிடம் நீட்டி, நெற்றியைக் காட்டினாள்.

“இப்ப வெய்யி.”

அதில் ஸ்பிரிட் இருக்கிறது, எரியும் என்றேன். இரண்டு பேருமே கேட்கவில்லை. வேடியப்பன் அப்போதுதான் கடைக்குள் காலை வைத்தார். நெற்றி எரிய எரிய அவள் பரீட்சைக்கு உட்கார்ந்தாள்.