ஹாக்கொடாத்தே வந்து நின்ற மார்ச் மாதம்

உலகத்தில் துறைமுகம் என்று ஒன்றுதான் இருக்கிறது, அது திருகோணமலையில் இருக்கிறது, மற்றவையெல்லாம் கப்பல்கள் வேறு வழியில்லாமல் ஒதுங்குகிற இடங்கள் என்று வலன்ரைன் தன் மனைவி அக்னெஸிடமும் மேல்மாடி ஜெயமதியிடமும் அறுதியாகச் சொல்லி முடித்தார். மறுநாள், 2005 மார்ச் மாதத்தில், ஜப்பானின் ஹாக்கொடாத்தே துறைமுக நகரம் மிதந்து வந்து, கனடாவில் மொன்றியலின் வடக்கே அஹுன்ட்சிக் ஆற்றங்கரையில் நின்றது. மலை, டிராம் வண்டிகள், செங்கல் கிட்டங்கிகள், மீன் சந்தை, சனம் என்று ஒன்றும் விடாமல் வந்திருந்தது. வழியிலிருக்கும் மின்சார அணையை எப்படித் தாண்டியது என்று விசாரித்தவர்களுக்கு, மெதுவாக என்று பதில் கிடைத்தது. மாநகராட்சி இதைப் பெரிதுபடுத்தவில்லை. பனி அள்ளுகிற நாட்களில் தெருவோரக் கார்களை எதிர்ப்பக்கம் மாற்றுவதுபோல, நகரமும் செவ்வாயும் வெள்ளியும் எதிரே லவால் கரைக்கு மாறி நிற்கவேண்டும் என்று செம்மஞ்சள் பலகை ஒன்றை நட்டுவிட்டுப் போனது. ஹாக்கொடாத்தே ஒருநாள்கூடத் தவறாமல் மாறி நின்றது. அஹுன்ட்சிக்கில் கார் வைத்திருக்கும் எவரும் தம்மைப் பற்றி இப்படிச் சொல்லிவிட முடியாது.

முதல் சனிக்கிழமையே தமிழர்கள் பார்க்கப் போனார்கள். நயாகராவுக்குப் போகிற வழக்கத்தில் அலுமினியத் தட்டு நிறையப் புட்டும் மீன்குழம்பும் கொண்டுபோனவர்கள், தட்டு நிறைய அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்கள். அங்கே உப்புச் சாற்றில் நூடில்ஸ் இருந்தது, நண்டும் மீன்முட்டையும் பரப்பிய சோறு இருந்தது, தொட்டியிலிருந்து அப்போதுதான் பிடித்து நூல்நூலாக அரிந்த கணவாய் இருந்தது. சாப்பிட்டவர்கள் நிலத்திலிருந்து எழும்பினார்கள். கடல் தாண்டி மிதந்து வந்த ஊரின் சாப்பாடு மனிதரையும் மிதக்கவைப்பது இயல்புதான் என்பதால் எவரும் டாக்டரிடம் போகவில்லை. நூடில்ஸ் ஒரு விரல் உயரம் தூக்கும், நண்டுச் சோறு நான்கு விரல், பச்சைக் கணவாய் ஒரு சாண். இரண்டு மூன்று நாளில் தானாக இறங்கிவிடும், அதற்குள் மறுபடி போய்ச் சாப்பிட்டால் இறங்காது. மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் படிக்க வந்திருந்த முகமது யாசின் மூன்றையும் ஒரே மத்தியானத்தில் சாப்பிட்டுவிட்டு மெத்ரோ ரயிலில் ஏறியபோது தலை கூரையில் இடித்தது. “ஒண்ணும் இல்லண்ணா, கொஞ்சம் லைட்டா இருக்கு, அவ்ளோதான்,” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னான். கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்த ஜெயமதியோ, சின்னப் பிள்ளைகள் வரிசையாகப் பிடித்துக்கொண்டு பூங்காவுக்கு நடக்கும் கயிற்றின் கடைசி வளையத்தில் தன்னைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் அவளை இழுத்துப் போனார்கள். காற்றடித்த நாட்களில் இரண்டு கையாலும் இழுத்தார்கள்.

வலன்ரைன் மட்டும் போகவில்லை. சென் லோரன் தையல் ஆலையொன்றில் இஸ்திரி போடும் அவர், காலை நிலத்தில் அழுத்தி ஊன்றி நடந்தார். மிதந்துவந்த தெரிந்தவர்களைக் கண்டால் நின்று விசாரித்தார். “என்ன, ஊதி விட்ட பலூன் மாதிரிப் போறீர். நூல் ஆற்ற கையில?” என்பார். பிறத்தியானின் துறைமுகத்தை வாயைப் பிளந்து பார்க்கிற சனமும், உயிரோடு நெளிகிற கணவாயைத் தின்கிற சனமும் உருப்படாது என்பதை டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கும்போதும் பேருந்துக்கு நிற்கும்போதும் தெரியப்படுத்தினார். அக்னெஸுக்கு இது புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் எங்கும் கூட்டிப்போனதில்லை. ரொறன்ரோக் கோபுரம் என்றால் திருகோணமலைச் சுவாமி மலையின் காற்று அங்கே உண்டா என்று கேட்டார். நயாகரா என்றால், ஊரில் கன்னியாக் கிணறுகளில் தண்ணீர் வெந்நீராகவே வருகிறது, பச்சைத் தண்ணீர் விழுவதைப் பார்க்க எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் போவதா என்றார். அவளும் ஒவ்வொரு முறையும் கைப்பையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள்.

இம்முறை அவள் ஜெயமதியோடு போனாள். டிராமில் கடைசிவரை போய்த் தெருவோர வெந்நீர்த் தொட்டியில் கால் வைத்துக்கொண்டிருந்தாள், கம்பி வண்டியில் மலையுச்சிக்குப் போய் இரு பக்கமும் கடல் நெருக்கிய ஊரின் ஒடுங்கிய இடுப்பைப் பார்த்தாள். கடலும் கூடவே வந்திருந்தது. வீட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் திரும்பி, தலையைக் குனிந்து சமையலறைக்குள் வந்து, சும்மா சும்மா சிரித்தாள். எட்டாமலிருந்த மேல்தட்டுகளையெல்லாம் துடைத்தாள். ஒருநாள் அங்கிருந்தே பேசினாள்.

“இஞ்சேருங்கோ, ஞாயிற்றுக்கிழமை ஊர் வெளிக்கிடுதாம். ஒருக்கா என்னோட வந்து பாருங்கோ. ரெண்டு பேருமாத் திரும்பி வருவம்.”

“வராட்டி?”

“நான் அவையளோட போறன். அடுத்தது எங்க நிக்கினம் எண்டு தெரியேல்லை. எங்க நிண்டாலும் இறங்கிப் பாக்கலாம்தானே.”

“போம், போம். பாஸ்போட்டில எந்த நாட்டு முத்திரை குத்துவினமாம்?” என்று சிரித்தார் வலன்ரைன். ஞாயிறு காலை எழும்பியபோது அவள் இல்லை. பனிச் சப்பாத்து வாசலிலேயே இருந்தது. நிலத்தில் கால் படாதவளுக்கு அது தேவையில்லை. கைப்பையைக் காணவில்லை. அவர் அலுமாரியைத் திறந்து பார்த்தார், மூடினார், திரும்பவும் திறந்து பார்த்தார். பிறகு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினார்.

கரையிலிருந்து ஊருக்குப் போட்டிருந்த பலகைப் பாலத்தைத் தாண்டும்போதே, ஊரைப் பார்ப்பதில்லை, மனைவியை மட்டும் கூட்டி வருவது என்று தீர்மானித்திருந்தார். சரிவுத் தெருவில் ஏறியபோது துறைமுகம் முதுகுப்பக்கம் இருந்ததால் கொள்கைக்குப் பங்கம் வரவில்லை. மேலே அவள் இல்லை. இறங்கும்போது கப்பலும் கடலும் நேரே கண்ணில் விழும் என்பதால் பின்னோக்கி நடந்து இறங்கினார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று குனிந்து வணங்கினார்கள். அப்படியே சந்தைக்குள் இறங்கி, கணவாய்க் கடை முக்காலி ஒன்றில் முதுகு இடித்து நின்றார். முக்காலிக்கு ஒரு சாண் மேலே அக்னெஸ் அமர்ந்திருந்தாள்.

“என்னப்பா பின்னால பின்னால வாறியள்?”

“காத்து முகத்தில அடிக்குது. எழும்பும், வீட்ட போவம்.”

“வந்தனீங்கள் பாத்தீங்களோ?”

“பாத்தன்.”

“என்னத்தை?”

வலன்ரைன் சுற்றிலும் ஒரு நல்ல பதிலைத் தேடினார். அப்போது ஊர் முழுவதுமாக ஒருமுறை ஊதியது. பலகைப் பாலத்தை இழுத்தார்கள். பனிக்கட்டிகள் நொறுங்க, அஹுன்ட்சிக் கரை ஒரு முழம் பின்வாங்கியது.

“இப்ப ஓடினால் பாயலாம்,” என்றாள் அக்னெஸ். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் வருகிறது என்பதுபோலச் சொன்னாள். “நீங்கள் பாரமான ஆள். பேந்து ஏலாது.”

அவர் கரையைப் பார்த்தார். ஒரு கார் நீளத் தண்ணீர், அதற்கப்பால் செம்மஞ்சள் பலகை, அதற்கப்பால் வீடு, அதற்குள் மேல்தட்டெல்லாம் துடைத்த சமையலறை. பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடைக்காரப் பெண் அவர் முன்னாலும் ஒரு தட்டை வைத்தாள்.

“இது அசையுது,” என்றார்.

“உங்களைக் கண்டு பயத்தில.”

குச்சி கைக்கு வசப்படவில்லை. விரலால் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். மென்றார். கண்ணைத் திறந்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வழித்துத் தின்றுவிட்டு, கடைக்காரப் பெண்ணிடம் விரலால் இன்னொன்று கேட்டார். அதுவும் முடிந்தபோது, கடையின் தொங்கு விளக்கு அவர் நெற்றிக்கு நேரே இருந்தது. அக்னெஸ் அதைக் கையால் ஒதுக்கிவிட்டாள்.

“வந்திட்டீங்கள். இனிப் போவம்,” என்றாள்.

இருவரும் ஊரின் ஓரத்துக்கு வந்து, மீன்காரர்களிடம் சொல்லிக்கொண்டு, ஆற்றின் மேல் கால் வைத்துக் கரையை நோக்கி நடந்தார்கள். உடைந்த பனிக்கட்டிகள் காலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தன. தூரத்துப் பெரிய பாலத்தில் பேருந்து ஒன்று வழமையான நேரத்துக்கு லவால் போனது. பாதி ஆற்றில் வலன்ரைன் நின்றார். சப்பாத்து நாடா அவிழ்ந்துவிட்டது என்றார். நாடா அவிழவில்லை. அவர் திரும்பி நின்று, விலகிப் போகும் துறைமுகத்தை, மாடிமாடியாக ஏறும் தெருக்களை, வெயில் படத் தொடங்கியிருந்த படகுகளை, வாய் சற்றே திறந்திருக்க, ஆற்று வளைவு மறைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அக்னெஸ் பக்கத்தில் நின்று காத்திருந்தாள். நாடாவைப் பற்றி அவள் கேட்கவில்லை.