ராகுகாலத்தில் நின்ற சூரியன்

சிப்பிக்கரையில் சூரியனை நகர்த்துவது தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் இருக்கும் படிப்படியாகச் சுழலும் ஒரு சின்ன ஸ்டெப்பர் மோட்டார். வெள்ளிக்கிழமை பதினொன்று இருபதுக்கு அதை இயக்கும் டிரைவர் போர்டு புகைந்துபோனது. சூரியன், பத்தரை முதல் பன்னிரண்டு வரையிலான ராகுகாலத்திலேயே நின்றுவிட்டது.

நகராட்சி எலெக்ட்ரீஷியன் சுகிர்தாவுக்கு அவள் தங்கை மேகலா பிரசவ வார்டிலிருந்து போன் செய்தாள். ராகுகாலம் முடிந்த பிறகுதான் ஆபரேஷன் என்று மேகலாவின் மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“அக்கா, மூணு தடவை தூங்கி எழுந்துட்டேன். இன்னும் பதினொன்னு இருபதுதான். முடியலக்கா.”

கடைத்தெருவில் ஜெர்வாஸின் எலக்ட்ரானிக்ஸ் கடை மட்டும் திறந்திருந்தது. கிறிஸ்தவரான அவருக்கு ராகுகாலம் கிடையாது. இரண்டு போர்டுகளை எடுத்து வைத்தார்.

“இது ஒரு ஆம்பியர் தாங்கும். இது ரெண்டு. உங்க மோட்டாருக்கு எவ்வளவு வேணும்?”

“லேபிள் வெயில்ல வெளுத்துப்போச்சுண்ணே.”

“கம்மியா குடுத்தா ஸ்டெப் தவறும். நடுவுல அரை மணி நேரம் காணாமப் போயிடும். கூடிப்போனா மோட்டாரே வெந்துடும்.”

சுகிர்தா இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். காணாமல்போகும் அந்த அரை மணி நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டால் அதை எங்கே போய்த் தேடுவது? பெரியதில் கரண்டைக் குறைக்க ஒரு திருகு இருந்தது. அதையே வாங்கிக்கொண்டாள்.

தொட்டியின் மேல் ஏறி நான்கு ஒயர்களையும் மாட்டினாள். மோட்டார்மேல் ஒரு கையை வைத்து, சூடு பொறுக்கும் அளவுக்குத் திருகைத் திருப்பினாள். மோட்டார் முனகியது. சூரியன் அசைந்தது, கிழக்கே.

ஒரு ஜோடி ஒயர் இடம் மாறியிருந்தது. கடிகாரம் பதினொன்று பத்தைக் காட்டியது, பிறகு பதினொன்று ஒன்பதை. அவள் சுவிட்சை அணைக்கப் போனபோது மேகலாவின் மாமியார் போனில் வந்தார்.

“கை வைக்காதம்மா. ராகுகாலம் முடிஞ்சாச் சரி. எந்தப் பக்கமா முடிஞ்சா என்ன?”

சுகிர்தா சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

பத்து இருபத்தொன்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய் வார்டில் சேர்ந்தது பத்து இருபது என்று ஏற்கெனவே எழுதியிருந்த நர்ஸ், நேரம் பின்னோக்கி ஓடுவதால் அந்த வரிக்கு மேலே பிறந்த நேரத்தை எழுதினார்.

சுகிர்தா இறங்கி வந்தபோது பத்து பத்து. எதிரே ஆட்டோவில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மேகலா பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“பள்ளம் பாத்து ஓட்டுங்கண்ணே,” என்றது குழந்தை.