ஒரு மடிக்கணினிக்கு மூன்று பேர்

வகுப்பில் அறுபது பேர், வண்டியில் இருபது மடிக்கணினி. ஒன்றுக்கு மூன்று பேர். புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவளுக்கு இந்தக் கணக்குக்கூடவா தெரியாது? தெரியும். அந்த மூன்று பேரில் இரண்டு பேரை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

அவள் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இரண்டாவது வருஷம். செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்குச் செய்முறை வகுப்பு. ஒன்பது ஐம்பதுக்கே நடைக்கூடத்தில் கடகடவென்று சத்தம் கேட்கும். இரும்பு அலமாரிக்குச் சக்கரம் முளைத்தது போல ஒரு வண்டி. உள்ளே இருபது தட்டு, தட்டுக்கு ஒரு மடிக்கணினி, ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு சார்ஜர் வயர். அதைத் தள்ளிக்கொண்டு வருபவர் கணினிக்கூடத்துப் பொறுப்பாளர். இடுப்பில் எந்நேரமும் கொத்துச்சாவி தொங்குவதால் அவருக்குச் சாவியண்ணன் என்றே பெயர். எந்த எண் கணினிக்கு எந்த நோய் என்று மருத்துவர் மாதிரி ஒப்பிப்பார். "ஏழாம் நம்பருக்குக் காது கேக்காது. பன்னெண்டுக்கு 'அழி' பட்டன் போயிடுச்சு. அத நல்லா எழுதறவங்களுக்குக் குடுங்க மேடம்."

வண்டிக் கதவு திறந்ததுதான் தாமதம், பந்திக்கு முந்துவது போல ஒரு கூட்டம் பாயும். முதலில் கை வைத்தவன்தான் அன்றைக்கு ராஜா. மற்ற இரண்டு பேரும் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள். ஐந்து நிமிஷத்தில் ஒருவன் கொட்டாவி விடுவான், இன்னொருத்தி நோட்டில் பூ வரைவாள். முதல் வரிசையில் ஒரு பையன், தளபதி என்று பட்டப்பெயர். கோழி குஞ்சை மூடுவது போல இரண்டு கையாலும் விசைப்பலகையை மூடிக்கொள்வான். அவன் பக்கத்தில் ஒரு பெண், எப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். ஆறு வாரமாக அவள் விரல் ஒரு விசையில்கூடப் பட்டதில்லை என்று ஆசிரியை ஒருநாள் கவனித்தாள். அன்று வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு மனசே சரியில்லை.

மணி வைத்துப் பார்த்தாள். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கைபேசியில் மணி அடிக்கும், ஆள் மாற வேண்டும். மாறினார்கள்தான். ஆனால் புதிதாக உட்கார்ந்தவள் ஓர் எழுத்தைத் தேடுவதற்குள், "நகரு, நகரு, நான் அடிச்சிடறேன்" என்று பழைய ராஜா கையை நீட்டிவிடுவான். இது வேலைக்கு ஆகாது என்று தெரிந்ததும் மணியை நிறுத்தி வைத்தாள்.

துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், ஆனால் சுருக்குப்பை மாதிரி வாயை இழுத்துக் கட்டியே வைத்திருப்பார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. கடிதம்கூட அவர் வாயால் சொல்ல, எழுத்தர்தான் தட்டச்சு செய்வார்.

"ஜன்னல் வழியா ரெண்டு தடவ பார்த்தேன்மா. மூணு பேர்ல ரெண்டு பேர் வேடிக்கை பாக்கறாங்க. பேசாம பலகையில எழுதியே நடத்திடுங்களேன். வண்டிய வேற துறை கேக்குது."

"ரெண்டு வாரம் குடுங்க சார்."

"சரி. ரெண்டு வாரம் கழிச்சு வியாழக்கிழமை வந்து கடைசி பெஞ்சுல உக்காருவேன். பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்."

வீட்டில் அப்போது வேறொரு ரகளை. அவள் கணவனின் தங்கை ஒரு பெரிய ஹோட்டல் சமையல்கூடத்தில் பத்து ஆட்களை மேய்ப்பவள். மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, கட்டு பிரிக்கும்வரை அண்ணன் வீட்டில் இருக்கலாம் என்று வந்திருந்தாள். அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடுகளவு திருகாணியைக்கூடக் கண் சிமிட்டாமல் முடுக்குவார். முட்டையை உடைக்கச் சொன்னால் பாதி ஓடும் சேர்ந்து சட்டியில் விழும்.

அன்று ஆசிரியை வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறையில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து ஆணை இடுகிறாள், அண்ணன் அடுப்படியில் நிற்கிறார்.

"தீயக் குறைண்ணா. இன்னும். இன்னும். அணைச்சுட்டியே!"

"நீதானே இன்னும் இன்னும்னு சொன்ன?"

"சரி, மறுபடி பத்த வை. இப்ப வெங்காயத்தப் போடு. உப்பத் தொடாத, நான் சொல்லாம எதையும் தொடாத!"

"நானா ஒண்ணும் பண்ணக்கூடாதா?"

"நீயா பண்ணினா சாப்பிடப் போறது யாரு? கை உன்னோடது, புத்தி என்னோடது. அவ்வளவுதான்."

ஆசிரியையின் எட்டு வயது மகள் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து காவல் காத்தாள். "அப்பா, கருகுது! இடது பக்கம் கருகுது!"

ஆசிரியை தோள்பையைக்கூட இறக்காமல் வாசல்நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். தங்கையால் கரண்டியைப் பிடுங்க முடியாது. வலது கையில் கட்டு. அதனால் மனசில் இருப்பதையெல்லாம் வார்த்தையாக்க வேண்டியிருந்தது. அண்ணனுக்கோ ஒவ்வொன்றையும் காதில் வாங்கி, புரிந்துகொண்டு செய்ய வேண்டியிருந்தது. மகளுக்குக்கூட வேலை இருந்தது. மூன்று பேரில் ஒருத்தர்கூட வேடிக்கை பார்க்கவில்லை.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள் தங்கை.

"உன் கைக்கட்டுக்கு ஒரு முத்தம் குடுக்கணும்" என்றாள் இவள். அன்றைய சாப்பாட்டில் உப்பே இல்லை. யாரும் கவலைப்படவில்லை.

அடுத்த வகுப்பில் பலகையில் மூன்று சொல் எழுதினாள்: கை, வாய், கண்.

"கை மெஷின்ல அடிக்கலாம், சொந்தமா யோசிக்கக் கூடாது. வாய் யோசிச்சு சொல்லலாம், மெஷினத் தொடக் கூடாது. கண் ரெண்டு பேரும் பண்ற தப்பப் பிடிக்கணும், நடந்தத நோட்டுல எழுதணும். பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ மாறிக்கணும். இப்ப யார் கைய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதவங்களோ, அவங்க மொதல்ல வாய்."

வகுப்பு சிரித்தது. தளபதி மட்டும் சிரிக்கவில்லை. முதல் பதினைந்து நிமிஷம் அவன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, வாயால் சொல்ல வராமல் திணறினான். விரலுக்குத் தெரிந்தது அவன் நாக்குக்குத் தெரியவில்லை. அடுத்த முறை அவன் கை ஆனான், ஜன்னலோரப் பெண் வாய் ஆனாள். அவள் திரையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெதுவாக, "மூணாவது பத்திக்குப் போ" என்றாள். "இல்ல, நில்லு. அதுக்கு முன்னாடி காலியா இருக்கற வரிசையெல்லாம் எடுத்துடு. நீ அத எப்பவுமே எடுக்கறதில்ல. அதனாலதான் உனக்கு சராசரி எப்பவும் தப்பா வருது."

தளபதி திரும்பிப் பார்த்தான். "இத ஏன் இத்தன நாளா சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே."

ஆறு வாரம் தோளுக்கு மேலாகப் பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் அவள் மனசில் எழுதி வைத்திருந்தாள். அன்று அந்த அறையில் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அது அத்தனையும் பாடத்தின் சத்தம். ஆசிரியை மேசைக்கு மேசை நடந்தாள். யாரும் அவளைத் தேடவில்லை. அதைவிட இனிப்பான விஷயம் அவளுக்கு அந்த வருஷம் நடந்ததில்லை.

துறைத்தலைவர் வரும் வியாழனும் வந்தது. மாணவர்கள் பத்து நாளாகச் சிற்றுண்டிச்சாலை வாசலில் நின்று, கால்மணிக்கு ஒருமுறை வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணி வைத்திருந்தார்கள். அந்த எண்களை வைத்துப் படம் வரைவதுதான் அன்றைய பாடம்.

ஒன்பது ஐம்பதுக்குக் கடகட சத்தம் கேட்டது. ஆனால் சாவியண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், ஒண்ணுலயும் உயிரில்ல. ராத்திரி தரை துடைக்கற மெஷினுக்காக வண்டியோட பிளக்க யாரோ கழட்டியிருக்காங்க. திரும்பி மாட்டல. காலையில நானும் பாக்காம விட்டுட்டேன்." அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னால உங்க வகுப்பு போச்சே."

"எதுவும் போகலண்ணே, விடுங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சுவரில் கண்ணை ஓட்டினாள். அந்த அறையில் இருப்பதே இரண்டு பிளக் பாயின்ட். ஒன்று படம்காட்டும் கருவிக்கு. இன்னொன்றில் ஒரே ஒரு மடிக்கணினியை மாட்டலாம். பழைய பேட்டரிகள், மற்றவற்றை எங்கே கொண்டுபோய் மாட்டினாலும் ஏற ஒரு மணி நேரமாவது ஆகும். துறைத்தலைவர் அதற்குள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

அவள் மறைக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். "ஒரு மெஷின், அறுபது பேர். மேசைக்கு ஒரு படி சொல்லுங்க. அந்த மேசை வாய், மத்தவங்க எல்லாரும் கண். கையா யார் வர்றீங்க?"

இருபது முப்பது கைகள் உயர்ந்தன. அப்போது ஜன்னலோரப் பெண் எழுந்தாள்.

"மேடம், எங்கள்ல யார் உக்காந்தாலும் நாங்க பாதி சொல்லும்போதே மீதிய அவங்களே பண்ணிடுவாங்க. ஒண்ணுமே தெரியாத ஒருத்தர் உக்காந்தாதான் நாங்க ஒழுங்கா சொல்றோமான்னு தெரியும்."

நியாயமான பேச்சு. ஒன்றுமே தெரியாத ஒருத்தர் யார் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அறுபது தலையும் ஒன்றாகப் பின்பக்கம் திரும்பின.

துறைத்தலைவர் பேனாவை மூடினார். "என்னையா?"

ஆசிரியை அவசரமாக முன்னால் வந்தாள். "உங்களுக்கு விருப்பம் இருந்தா மட்டும் சார்..."

அவர் எழுந்தார். வாசலுக்குப் போகிறாரோ என்றுதான் நினைத்தாள். நேராக முன்னால் வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "யோசிக்கக் கூடாது, அதானே விதி? முப்பது வருஷத்துல எனக்கு இப்படி ஒரு வேலை கிடைச்சதில்ல. சொல்லுங்க."

"இடது பக்கம் மேல மஞ்சளா ஒண்ணு இருக்கு சார், அதுமேல அம்பக் கொண்டுபோங்க" என்றது முதல் மேசை. "ரெண்டு தடவ அழுத்துங்க."

அவர் ஒருமுறை அழுத்தினார். யோசித்தார். இன்னொரு முறை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

"சேர்த்து அழுத்தணும் சார். கதவத் தட்டற மாதிரி, டக் டக்."

டக் டக். கோப்பு திறந்தது. வகுப்பே கைதட்டியது. அவர் காது சிவந்துபோனது, ஆனால் முதுகு நிமிர்ந்தது. மேசை மேசையாகப் படி ஏறியது. எண்களை ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். நடுவில் பின்னாலிருந்து, முன்பெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் கத்தினான்: "சார், அது நாற்பது! நாலுன்னு அடிச்சிருக்கீங்க!"

"நாலுன்னுதான் சொன்னாங்க" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

"நான்தான் சார் தப்பா சொன்னேன்" என்று தளபதி எழுந்து நின்றான். முன்பெல்லாம் அவன் தப்புக்குக் கணினிதான் காரணமாக இருக்கும்.

கடைசி மேசை சொன்ன விசையை அழுத்தியதும் திரையில் படம் வந்தது. குட்டை குட்டையாகக் கம்பங்கள். நடுவில் பன்னிரண்டரைக்கு நேரே ஒன்று மட்டும் பனைமரம் போல நின்றது.

"ஏன் அது மட்டும் அவ்வளவு உயரம்?" என்றார் துறைத்தலைவர். கை கேள்வி கேட்கக் கூடாது என்று யாரும் அவரைத் தடுக்கவில்லை.

ஜன்னலோரப் பெண் சொன்னாள்: "பன்னெண்டரைக்கு மூணு வகுப்ப ஒண்ணா விடறாங்க சார்."

"அந்த நேர அட்டவணைய யார் போட்டது?"

சிலர் மேசையைப் பார்த்தார்கள். அவர் திரையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.

"நான்தான் போட்டேன்" என்றார். "வரிசையில அரட்டை அடிக்கறதாலதான் நேரமாகுதுன்னு சுவத்துல நோட்டீஸ் ஒட்டினதும் நான்தான்."

இழுத்துக் கட்டிய வாய் முதலில் ஓரமாக அவிழ்ந்தது. அடுத்த நொடி அவர் வாய்விட்டுச் சிரித்தார், தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு. அப்புறம் அறுபது பேரையும் யார் பிடிப்பது? கதவோரம் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற சாவியண்ணன்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கைபேசியில் மணி அடித்தது. "ஆள் மாறணும் சார்" என்றாள் ஆசிரியை, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"இருங்கம்மா, இன்னும் ஒண்ணு. ரெண்டு வகுப்ப இருபது நிமிஷம் தள்ளி விட்டா இந்தக் கம்பம் எவ்வளவு இறங்கும்? அதப் போட முடியுமா? யாராவது சொல்லுங்க."

ஒரே நேரத்தில் இருபது மேசையும் சொன்னது. வகுப்பு முடிந்து பத்து நிமிஷம் ஆகியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமையே நேர அட்டவணை மாறியது, நோட்டீஸ் கிழிக்கப்பட்டது. வண்டியை வேறு துறைக்குக் கொடுப்பது பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. வியாழக்கிழமை பத்து மணிக்கு, கக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியோடு வகுப்புக்குள் வந்தார். உள்ளே, மூன்று வருஷத்துக்கு முன் அவர் மேசைக்கென்று பல்கலைக்கழகம் வாங்கிக் கொடுத்த மடிக்கணினி. ஒட்டுநாடாகூடப் பிரிக்கவில்லை.

"எனக்கு ரெண்டு பேர் வேணும்" என்றார். "ஒரு வாய், ஒரு கண்."

முதல் வரிசை மொத்தமும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடியது.