ஏலக் கூடத்தில் கை தூக்காதவர்கள்

கூட்டத்தை மாட்டுச் சந்தையின் ஏலக் கூடத்தில் வைத்தார்கள். எங்கள் கத்தோலிக்க மண்டபத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள். அவர்களுடைய புராட்டஸ்டன்ட் மண்டபத்துக்கு நாங்கள் போகமாட்டோம். மாடு வாங்க எல்லோரும் வருவோம்.

லண்டனிலிருந்து ஓர் அதிகாரி, டப்ளினிலிருந்து ஓர் அதிகாரி. யார் முதலில் நுழைவது என்று வாசலில் தயங்கி, கடைசியில் தோள் இடிக்க ஒன்றாக நுழைந்தார்கள்.

வட அயர்லாந்தின் கலவரக் காலக் கொலை விசாரணைகளை லண்டன் போட்ட சட்டம் நிறுத்திவிட்டது. என் அண்ணன் ஃபெர்கலை யார் சுட்டார்கள் என்ற விசாரணையும் அதில் நின்றது. இப்போது பிரிட்டன், அயர்லாந்து இரண்டு அரசுகளும் சேர்ந்து சட்டத்தைத் திருத்துகின்றன. ஊர் என்ன சொல்கிறது என்று எழுதிப்போக வந்திருந்தார்கள்.

"விசாரணையெல்லாம் மறுபடி நடக்கணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் லண்டன்காரர்.

நான் தூக்கினேன். மற்றவர்கள் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்கள்.

"ஒருத்தர்தானா?" டப்ளின்காரி எழுதத் தொடங்கினாள்.

அந்தக் கூடத்தில் கை தூக்கினால் மாடு உங்களுடையது. என் கணவர் ஒருமுறை ஈயை விரட்டி ஒரு காளை வாங்கினார்.

பின்வரிசையில் ஏலக்காரர் நார்மன் எலியட் இருந்தார். ஃபெர்கல் செத்து இரண்டு வருடம் கழித்து, போலீஸ்காரரான அவருடைய அப்பாவை யாரோ சுட்டார்கள். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"நார்மன், ஏதாவது பண்ணுய்யா," என்றேன்.

"கூட்டம் அவங்களோடது, டிம்னா."

"சுத்தியல் உன்னோடதுதானே?"

நார்மன் மேடை ஏறினார்.

"ஒரு விசாரணை வந்திருக்கு. வயசு அம்பது. கொஞ்சம் நொண்டும். யாருக்கு வேணும்?"

நார்மனின் கண் வரிசை வரிசையாக ஓடியது.

"டிம்னா ஒண்ணு. ரெண்டு. கதவுப் பக்கம் மூணு. மேல் வரிசை நாலு, அஞ்சு..."

"யாருமே அசையலையே!" என்றார் லண்டன்காரர்.

"அசைஞ்சாங்க ஐயா. ஒருத்தர் மூக்கை உறிஞ்சினார். ஒருத்தர் புருவம். பக்கத்துல உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. அதுக்குத்தான் என்னை வச்சிருக்காங்க."

எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது.

"முப்பத்தாறு. அவ்வளவுதானா?" நார்மன் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தொப்பியின் விளிம்பைத் தொட்டார். "முப்பத்தேழு." சுத்தியல் விழுந்தது.

"கடைசி ஆள் யாரு?" என்றாள் டப்ளின்காரி.

நார்மனின் விரல் இன்னும் தொப்பியிலேயே இருந்தது.

"ஏலக்காரன் ஏலம் கேக்கக் கூடாதுன்னு சட்டம் ஏதும் இருக்காம்மா?"

அவள் லண்டன்காரரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார்.

"இருந்தா அதையும் திருத்திடலாம்," என்றாள்.