புதைக்காத ஒரு சாண்

மேடமாம்… கூடப் பிறந்தவளை என்ஜினியர் முன்னால் மேடம் என்றான் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல், "வேலிய மேடம்தான் பாத்துட்டு சரின்னாங்க சார்" என்று, யாரைச் சொல்கிறான் என்று ஒரு நொடி அவளுக்கே விளங்கவில்லை, இப்போது சரிவில் தனியாக இறங்குகிறாள், செருப்பில் சேறு அப்பி கால் கனக்கிறது, கீழே ஓடை பழுப்பாகப் போகிறது, அஸ்திவாரத்துக்கு வெட்டிப் போட்ட மண்ணெல்லாம் நேற்றைய மழையில் அங்கே போய்விட்டது, அதைத் தடுக்க வேண்டிய துணிவேலியோ கிழியாமல் சாயாமல் நிற்கிறது, அடிவழியாகப் போயிருக்கிறது மண், ஒரு சாண் ஆழம் பள்ளம் வெட்டித் துணியின் அடியைப் புதைத்து மிதித்து மூட வேண்டும், அண்ணன் தரையோடு நிறுத்தி நாலு மண்வெட்டி மண்ணை அணைத்துவிட்டிருக்கிறான், அவ்வளவுதான், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வேலி நெடுக நடந்து பார்த்துத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள், அவனோ தாளைத் தானே எடுத்துக்கொண்டு வருவான், நீ எதுக்கு சேத்துல இறங்குற, நான் பாத்துட்டேன், போடு… போட்டாள், மூன்று மழைக்கும் போட்டாள், பாசம் என்றல்லவா நினைத்தாள், சின்ன வயதில் பீரோக் கண்ணாடியை உடைத்தவன் அவன், அடி வாங்கியவள் அவள், அன்றைக்காவது மூலையில் நின்று அழுதான்.

தப்பு யாருடையது என்று மதியத்துக்குள் ஒரு பெயரை எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார் என்ஜினியர், அவன் பெயரென்றால் இனி எங்கேயும் அவனுக்கு வேலை இல்லை, அண்ணி வாசலுக்கு வந்து நிற்பாள், தன் பெயரென்றால் இந்த வேலை போயிற்று, எழுத என்ன இருக்கிறது, பொய் சொன்னவன் பெயரை எழுத யோசனை என்ன… மூச்சு வாங்க வேலியோரம் நின்றாள், துணியின் மேல்விளிம்பு விலாவில் இடித்தது, இடுப்பளவுதானே இருக்க வேண்டும், புதைய வேண்டிய ஒரு சாணும் வெளியே நிற்கிறது, எத்தனை நாளாக நிற்கிறது, கட்டி முடித்த அன்று இதே இடத்தில் நின்று அவளே சிரித்தாளே, என்னண்ணே, உன் வேலி எனக்கே தோள் வரைக்கும் வரும்போல இருக்கு… அவன் சிரிக்கவில்லை, மண்வெட்டியைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான், அவள் அடுத்து ஏதோ சொல்லப்போகிறாள் என்பதுபோல.